விளைவைச் சுமக்கும் சிறுசொல்

'ரிசல்ட்' என்ற ஆங்கில வினை இரண்டு சிறுசொற்களோடு சேர்ந்து வரும். 'இன்' சேர்ந்தால் பேச்சு காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும். 'ஃப்ரம்' சேர்ந்தால் விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பும். கடையடைப்பு நஷ்டத்தில் முடிந்தது என்பதற்கு 'ரிசல்டட் இன்'; நஷ்டம் கடையடைப்பால் வந்தது என்பதற்கு 'ரிசல்டட் ஃப்ரம்'. வினையும் ஒன்றுதான், அதன் காலமும் ஒன்றுதான். எது முந்தியது, எது பிந்தியது, எதன் தலையில் பழி விழுகிறது என்பதையெல்லாம் அந்தச் சிறுசொல்தான் முடிவு செய்கிறது. இந்த வினைக்கு மூலமான லத்தீன் சொல்லுக்குத் துள்ளித் திரும்புதல் என்று பொருள். எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதை வினை சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் விளைவைச் சொல்லும் வினைகள் பெரும்பாலும் இப்படித் துணையோடுதான் நடக்கின்றன. 'லீட் டு', 'எண்ட் இன்', 'ஸ்டெம் ஃப்ரம்', 'அரைஸ் அவுட் ஆஃப்', 'டை ஆஃப்'. பள்ளிக்கூடத்தில் 'பிரெபொசிஷன்' என்று நெட்டுருப் போட்ட இந்தச் சொற்களில் பலவற்றின் பிறந்த வீடு இடப்பொருள். 'டு' போய்ச் சேரும் இடத்தைக் காட்டும். 'இன்' உள்ளிருப்பைக் காட்டும். 'ஃப்ரம்' புறப்பட்ட இடம், 'அவுட் ஆஃப்' உள்ளிருந்து வெளியே வருவது. ஊர்ப் பயணத்தைச் சொல்லப் பிறந்த சொற்களையே அந்த மொழி காரணத்தையும் காரியத்தையும் சொல்லவும் எடுத்துக்கொண்டது. விளைவு என்பது அங்கே போய்ச் சேரும் ஓர் இடம். காரணம் என்பது கிளம்பி வந்த இடம்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் தோன்றிய எண்ணமில்லை. ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களை நன்னூல் நான்காக வகுக்கிறது: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. மலையிலிருந்து விழும் அருவிக்குப் பழந்தமிழில் வரும் அதே உருபுதான், கல்வியால் ஒருவன் பெரியவன் ஆனான் என்னும் ஏதுப் பொருளுக்கும் வருகிறது. நீங்குகிற இடத்துக்கும் காரணத்துக்கும் ஒரே உருபைத் தமிழும் கொடுத்தது. நன்னூலை எழுதிய பவணந்தியார் அதைக் கண்டு இரண்டையும் ஒரே சூத்திரத்தில் வைத்தார். அருவி மலையிலிருந்து வருவது போலத்தான் விளைவு காரணத்திலிருந்து வருகிறது என்று இரண்டு மொழிகளும் தத்தம் வழியில் கண்டுகொண்டிருக்கின்றன.

அதற்கு அப்பால் பாதைகள் பிரிகின்றன. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ஆங்கிலம் கற்கும் அயலாருக்கு மிகப் பெரிய இடர் எது என்று முன்னுரையில் சொல்கிறார். வினைக்குப் பின்னால் ஒரு சிறுசொல்லைச் சேர்த்து அதன் பொருளையே மாற்றிவிடும் வழக்கம்தான் அது. மற்ற எந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் இது மிகுதி என்று அவர் நினைத்தார். அப்படிப்பட்ட சேர்க்கைகளைக் கூடிய மட்டும் அகராதிக்குள் திரட்டவும் முயன்றார். இரண்டு நூற்றாண்டுக்குப் பின் லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் அந்த வழக்கத்துக்கு ஒரு வரைபடம் கொடுத்தார். ஒரு நிகழ்ச்சியில் இரண்டு கூறுகள் இருக்கின்றன: அது எப்படி நடந்தது, எங்கே போய் முடிந்தது. ஆங்கிலம் 'எப்படி' என்பதை வினையில் வைக்கும். 'எங்கே' என்பதை வினைக்கு வெளியே, அதைச் சுற்றிவரும் சிறுசொல்லில் வைக்கும். இதற்கு நேர்மாறாக, முடிவை வினைக்குள்ளேயே வைக்கும் மொழிகளும் உலகில் நிறைய உண்டு.

ஒருவனை நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள், அவன் செத்தான். ஆங்கிலத்தில் 'பீட் ஹிம் டு டெத்'. அடித்தது வினையில் இருக்கிறது. சாவு 'டு' என்ற சிறுசொல்லுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லாக, போய்ச் சேர்ந்த ஊரைப்போல நிற்கிறது. தமிழில் 'அடித்துக் கொன்றார்கள்'. அடித்தது வினையெச்சமாகிவிட்டது, கொன்றது முற்றாகிவிட்டது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் வேலையாள் அடி, தமிழில் கடைசி வேலையாள் கொலை. தமிழ் முற்று தனியாக வருவதில்லை. 'ஆர்கள்' என்ற விகுதி செய்தவர்களைக் கையோடு இழுத்துக்கொண்டு வருகிறது. சாவு என்ற விளைவும் அதைச் செய்தவர்களும் ஒரே சொல்லுக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். 'டெத்' என்ற பெயர்ச்சொல்லுக்கு அந்தக் கட்டு இல்லை. அது யாருடைய பெயரும் இல்லாமல் தனியே நிற்கும். இந்த வேற்றுமையை நான் பெரிதாக நினைக்கிறேன். இலக்கணத்தில் தொடங்கினாலும் இது இலக்கணத்தோடு நிற்பதில்லை.

சிறுசொல்லின் வலிமை எவ்வளவு என்பதற்கு மொழியியலாளர் அடீல் கோல்ட்பர்க் 1995இல் வெளியான தம் நூலில் ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டார். தும்மல் என்பது செயப்படுபொருள் வேண்டாத வினை. யாரும் எதையும் தும்ம முடியாது. ஆனாலும் ஆங்கிலத்தில் ஒருவர் கைக்குட்டையை மேசையிலிருந்து 'தும்மிவிடலாம்'. தும்மினார், அந்தக் காற்றில் துணி பறந்து கீழே விழுந்தது என்ற முழுக்கதையும் 'ஆஃப்' என்ற ஒரு சொல்லால் அந்த வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. விளைவை வினை தரவில்லை, வாக்கியத்தின் அமைப்புத் தருகிறது என்பது அவர் வாதம். தமிழ் இதற்கு இரண்டு வினையாவது கேட்கும்: தும்மித் தள்ளினார், தும்மிப் பறக்கவிட்டார். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்வது நம் வழக்கம்.

மனிதர்மேல் மனிதர் செலுத்தும் வலிமையைச் சொல்லும்போது இந்த அமைப்பின் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும். 'டாக் இன்டு' என்றால் பேசிப் பேசியே ஒருவரை ஒரு காரியத்தில் இறக்கிவிடுவது. அந்த வினையின் இடத்தில் வேறு பல வினைகளை வைத்தாலும் வாக்கியம் நிற்கும்: 'ட்ரிக்' என்றால் ஏமாற்றி, 'புல்லி' என்றால் மிரட்டி, 'ஷேம்' என்றால் வெட்கப்படவைத்து, 'ஸ்கேர்' என்றால் பயமுறுத்தி, 'கோக்ஸ்' என்றால் நயமாகப் பேசி. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் நடந்த கோபில்ட் திட்டம் புழக்கத்திலிருந்த ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி ஆராய்ந்தது. வினைகளை அவை வரும் அமைப்பின்படி வகைப்படுத்தி 1996இல் அது ஒரு நூலும் வெளியிட்டது. 'ஒருவரை இன்டு' என்ற இந்த அமைப்பில் வரும் வினைகளை ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும். வஞ்சனை, மிரட்டல், நச்சரிப்பு, கட்டாயம். நயமான வற்புறுத்தல் அவற்றுக்கிடையே ஒரு சிறுபான்மை. ஒரு மனிதரை அவர் விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோய் விடும் வழிகளையெல்லாம் சிறுசொல் ஒன்று ஒரே கூரையின்கீழ் கூட்டிவைத்திருக்கிறது. காவல் நிலையத்தில் எழுதிவாங்கிய வாக்குமூலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வாதாடும் வழக்கறிஞர் 'இன்டு' என்று சொல்லும்போது, கையெழுத்துப் போட்டவர் அந்த இடத்துக்குத் தானாக நடந்து போகவில்லை என்பதும் சேர்ந்தே சொல்லப்படுகிறது.

விளைவு நடக்காமல் போனதையும் இதே சொற்கள்தான் சொல்கின்றன. 'ஷாட் தி பேர்ட்' என்றால் பறவைமேல் குண்டு பட்டது. நடுவில் 'அட்' வந்தால் பறவையைக் குறிவைத்தான் என்பதற்கு மேல் எதுவும் உறுதியில்லை. அது செத்திருக்கலாம், பறந்தும் போயிருக்கலாம். 1993இல் ஆங்கில வினைகளை வகைப்படுத்திய மொழியியலாளர் பெத் லெவின் இதை ஒரு தனி மாற்றாகவே குறித்துவைத்தார். முயற்சிக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு சொல் கதவைச் சாத்துகிறது. தமிழில் 'பறவையைச் சுட்டான்' என்பது இரண்டுக்கும் இடம் கொடுக்கும். வேண்டுமென்றால் 'நோக்கி' என்று சேர்த்துச் சொல்லலாம், சேர்க்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதன் மறுபக்கம் நம் வீடுகளில் தினமும் கேட்பது. 'எவ்வளவோ எழுப்பினேன், எழுந்திருக்கவே இல்லை' என்று ஓர் அம்மா சொன்னால் அதில் எந்த முரணும் நமக்குத் தட்டுப்படாது. இதையே ஆங்கிலத்தில் சொன்னால் வாக்கியம் தன்னைத் தானே மறுக்கும். எழுப்பியாகிவிட்டது என்றால் எழுந்தாயிற்று என்று பொருள். எழுப்ப முயன்றேன் என்றுதான் அங்கே சொல்லியாக வேண்டும். தமிழ் வினைகளின் இந்தத் தன்மையை மொழியியலாளர் எரிக் பீடர்சன் ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். உடை, எழுப்பு போன்ற தமிழ் வினைகள் செயலை உறுதியாகச் சொல்கின்றன. விளைவை எதிர்பார்க்கவைக்கின்றன, ஆனால் அதற்குப் பிணை நிற்பதில்லை. பிணை வேண்டுமென்றால் 'விடு' என்ற துணைவினையை அழைக்கிறோம். 'எழுப்பிவிட்டேன்' என்று சொன்னபிறகு எழவில்லை என்று தொடர்வது கடினம். ஆங்கிலம் விளைவைத் திறக்கவும் அடைக்கவும் சிறுசொல்லை வைத்திருக்கிறது. நாம் துணைவினையை வைத்திருக்கிறோம். நுட்பத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தவை இல்லை.

'ஃப்ரம்' என்ற சொல்லின் இரட்டை வாழ்க்கை என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்வது. காயத்தால் இறந்தார் என்பதற்கும் அது வருகிறது. இறக்காமல் காத்தார்கள், தடுத்தார்கள் என்பதற்கும் அதுவே வருகிறது. காரணத்திலிருந்து விளைவு கிளம்பி வருவதும் ஒரு நீங்கல். மனிதரை விளைவின் பக்கம் போகவிடாமல் விலக்கி நிறுத்துவதும் ஒரு நீங்கல். அதனால்தான் சாவைத் தந்ததையும் சாவைத் தடுத்ததையும் ஒரே சொல்லால் சொல்ல முடிகிறது. தமிழ் இங்கே எதிர்மறை வினையெச்சத்திடம் போகிறது: சாகாமல் காத்தார்கள், போகாமல் தடுத்தார்கள். நடக்காத விளைவு நம்மிடம் ஒரு வினையாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது விலகி நிற்கவேண்டிய இடமாகிவிடுகிறது.

இயந்திரங்களின்மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பட்டைகளைக் கவனித்துப் பாருங்கள். அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தின் இசட் 535 வரிசை அவற்றின் சொற்களை வரையறுத்திருக்கிறது. 'டேஞ்சர்' என்று எழுதியிருந்தால், தவிர்க்காவிட்டால் சாவோ கடுமையான காயமோ நிச்சயம் விளையும் நிலைமை. 'வார்னிங்' என்றால் அவை விளையக்கூடும். 'காஷன்' என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம் விளையக்கூடும். மூன்றிலும் நடுவில் நிற்பது 'ரிசல்ட் இன்'. நிச்சயத்தையும் சாத்தியத்தையும் இப்படித் துல்லியமாக அளந்து பிரித்தது உயிர்களைக் காக்கும் வேலை. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்கியங்களுக்கு எழுவாய் எது? ஆபத்தான நிலைமை. அதைத் தவிர்க்கவேண்டியவர் இயந்திரத்தின் முன்னால் நிற்பவர். அந்த நிலைமையை உண்டாக்கி வைத்தவருக்கு வாக்கியத்தில் இடமே இல்லை. பட்டையைப் பொறுத்தவரை அது குற்றமாகாது, ஏனென்றால் அதன் வேலை எச்சரிப்பது மட்டும். அதே வாக்கியம் விபத்துக்குப் பிறகு வரும் அறிக்கையிலும் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்போதுதான் கேட்கவேண்டியது ஒன்று கேட்கப்படாமல் போகிறது. 'டு', 'இன்' என்ற சொற்களுக்குப் பின்னால் விளைவு பெயர்ச்சொல்லாக நிற்பதால், செய்தவர் இல்லாமலே வாக்கியம் முழுமை பெற்றுவிடுகிறது. வாசிப்பவருக்கு எதுவும் குறைவதாகத் தோன்றுவதில்லை.

சிறுசொல் மறைக்க மட்டும் பயன்படுவதில்லை. நியாயத்தை எடைபோடவும் அதே சொல்தான் தராசாக நின்றிருக்கிறது. 1897இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. ரயில்வே, தொழிற்சாலை, சுரங்கம், கல்குவாரி போன்ற இடங்களில் காயப்பட்டவருக்கு, முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்காமலே இழப்பீடு உண்டு என்றது அது. முக்கியமான நிபந்தனை இது: விபத்து வேலையிலிருந்து எழுந்ததாகவும் வேலையின்போது நடந்ததாகவும் இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் 'அரைசிங் அவுட் ஆஃப் அண்ட் இன் தி கோர்ஸ் ஆஃப்'. இந்தியாவின் 1923ஆம் ஆண்டு சட்டம் இந்தத் தொடரை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு வினையும் அதை ஒட்டிய சில சிறுசொற்களும் நூறாண்டுக்கு மேலாக விதவைகளின் வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கின்றன.

'இன் தி கோர்ஸ் ஆஃப்' நேரத்தையும் இடத்தையும் கேட்கிறது. 'அவுட் ஆஃப்' காரணத்தைக் கேட்கிறது. இரண்டும் வேண்டும் என்பது சட்டம். போர்பந்தரில் ஓர் உப்பு ஆலை கழிமுகத்துக்கு அக்கரையில் இருந்தது. ஊரிலிருந்து ஆலைக்குத் தரைவழியும் உண்டு, அது ஆறேழு மைல் சுற்று; குறுக்குவழி படகு. வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர்கள் ஏறிய படகு, பாரம் மிகுந்து, மோசமான வானிலையில் கவிழ்ந்தது. சிலர் இறந்தார்கள். 1958இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பங்களுக்கு இழப்பீடு இல்லை என்று தீர்ப்பளித்தது. அது பொதுப் படகுத்துறை. அதில் ஏறும்போது அவர்கள் ஊர்மக்களில் ஒருவராகத்தான் ஏறினார்கள், ஆலையின் வேலையாளாக ஏறவில்லை என்பது காரணம். 1963இல் அதே நீதிமன்றத்தின் முன் பம்பாய் மாநகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கு வந்தது. பணிமுடிந்து, அதே நிறுவனத்தின் வேறொரு பேருந்தில் வீட்டுக்குப் போனவர் வழியில் நேர்ந்த விபத்தால் இறந்தார். பெரும்பான்மை நீதிபதிகள் அதை வேலையின்போது நேர்ந்த மரணமாகவே கொண்டார்கள். ஊழியர்கள் நகரப் பேருந்தில் இலவசமாகப் போய்வருவது அந்தச் சேவையின் தேவைக்காகவே என்று அவர்கள் கண்டார்கள். படகில் ஏறியவரும் பேருந்தில் ஏறியவரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள்தான். வேலை எங்கே முடிகிறது என்ற கோடு ஒருவருக்கு ஆலை வாசலிலும் மற்றவருக்கு நகரம் முழுவதையும் தாண்டியும் விழுந்தது.

1969இல் கப்பலிலிருந்து காணாமல் போன ஒரு மாலுமியின் வழக்கு வந்தது. அவர் கப்பலில் இருந்தார், வேலைக்காலத்தில் இருந்தார்; அதில் ஐயமில்லை. அவர் சாவு வேலையிலிருந்து எழுந்தது என்பதற்குத்தான் சான்று இல்லை. அந்தத் தொடருக்கு வேலைக்கும் விபத்துக்கும் காரணத் தொடர்பு வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. சான்று இல்லாததால் குடும்பத்துக்கு இழப்பீடும் இல்லை. 'இன்' இருந்தது, 'அவுட் ஆஃப்' இல்லை. தீர்ப்பின் தர்க்கத்தில் நான் பிழை காணவில்லை. ஆனால் ஒரு மனிதர் கடலில் மறைந்த பிறகு, அவர் எதிலிருந்து மறைந்தார் என்று கரையில் இருக்கும் குடும்பம் நிரூபிக்கவேண்டி வருவது பெருங்கொடுமை. சட்டம் பிறகு ஓரளவு நகர்ந்தது. 2010இல் இதே தொடரைக் கொண்ட இன்னொரு சட்டமான தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் (இ.எஸ்.ஐ.) திருத்தப்பட்டது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகவர நேரும் விபத்தும், சூழலுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையிலிருந்து எழுந்ததாகக் கருதப்படும் என்றது. தொடரை மாற்றவில்லை, அது கொள்ளும் பரப்பை அகலப்படுத்தினார்கள்.

இத்தனை துல்லியத்துக்கு இடம் தரும் மொழியை மேலோட்டமாக வாசிப்பது அநியாயம். நாளிதழிலும் அரசு அறிக்கையிலும் நிறுவனங்களின் விளக்கக் குறிப்பிலும் ஆங்கிலம் வாசிக்கும்போது வினையைப் பார்த்துவிட்டு அடுத்த சொல்லில் நிற்கவேண்டும். 'டு' என்றால் யார் கொண்டுபோனது? 'இன்' என்றால் யார் தொடங்கியது? 'இன்டு' என்றால் தள்ளியது யார், தள்ளப்பட்டது யார்? 'அட்' என்றால் பட்டதா, படவில்லையா?

தமிழில் எழுதும் நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆங்கில அறிக்கைகளைப் பெயர்த்துப் பெயர்த்து, 'உயிரிழப்பு ஏற்பட்டது', 'பாதிப்புக்கு வழிவகுத்தது', 'துப்பாக்கிச்சூட்டில் பலி' என்று எழுதப் பழகிவிட்டோம். 'ஏற்பட்டது' என்ற வினை சாவுக்கு விகுதி கொடுக்கிறது, சுட்டவருக்குக் கொடுப்பதில்லை. 'இல்' என்ற உருபு, ஒருவர் சுட்ட செயலை ஓர் இடம்போல ஆக்கிவிடுகிறது. ஆங்கிலம் செய்வதை நாமும் செய்கிறோம், ஆங்கிலத்துக்கு இருக்கும் கட்டாயம் கூட இல்லாமல். அந்த மொழியின் அமைப்பு விளைவைப் பெயர்ச்சொல்லாக்கி இடத்தில் நிறுத்துகிறது. நம் அமைப்பு விளைவை முற்றுவினையாக்கி ஆளோடு சேர்க்கிறது. அடித்துக் கொன்றார்கள், மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், தடுக்காமல் சாகவிட்டார்கள். யார் என்ற கேள்விக்கு இந்த வினைகளின் முடிவில் ஓர் இடம் எப்போதும் திறந்திருக்கிறது. உண்மை தெரியாதபோது அதைத் திறந்தே வைத்து எழுதுவது நேர்மை. தெரிந்தபிறகும் அந்த இடத்தை மூடி எழுதினால், அந்தப் பொறுப்பை மொழியின்மேல் போட முடியாது, எழுதியவர்தான் ஏற்கவேண்டும்.